வயல் தாண்டக் கூடாத இலை

அத்தான் கஞ்சா பயிரிடப் போகிறார் என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் வெம்பிளியில், என் தையல் கடையில், ஒரு கலியாணப் பொம்பிளையின் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு வெட்டினால் பட்டு பாழாகும்.

"இஞ்ச பார், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. இவர் கஞ்சா போடப் போறாராம். லைசன்ஸ் எடுத்து."

'லைசன்ஸ் எடுத்து' என்று அவள் சொன்ன தொனியைக் கேட்டால், ஒரு மனுசன் அரசாங்க முத்திரையோடு வங்கியை உடைக்கப் போகிறான் என்றுதான் நினைப்பீர்கள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே லண்டனுக்கு வந்தவள். அக்காவும் அத்தானும் ஜேர்மனியில் பல வருசம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று, இரண்டாயிரத்துக்குப் பிறகு லண்டன் பிளேஸ்டோவுக்கு வந்து வீடெடுத்தவர்கள். அப்படி வந்தவர்களை எங்கள் ஆட்கள் 'ஜேர்மன்காரர்' என்பார்கள். எத்தனை காலம் இங்கே இருந்தாலும் அந்தப் பட்டம் போகாது. அத்தான் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். கார்க் கதவின் உட்பக்கத்தில், வெளியே தெரியாமல், ஒரு தட்டு இருக்கிறதல்லவா, அதை அழுத்தி எடுக்கிற இடம். அந்தத் தட்டு எதனால் செய்தது என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்த அதிர்ச்சி பத்து வருசம் முன்னமே வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேஸ்டோவுக்குப் போனேன். அத்தான் என்னை இருத்தி வைத்து விளக்கினார். இங்கே அவர் வான் ஓட்டுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எசெக்ஸ் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைக்குச் சாமான் இறக்கப் போன இடத்தில், குதிரைகளுக்குக் கீழே பரப்புகிற சக்கையைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறார். கைக்கு உடனே தெரிந்துவிட்டது. தன் பழைய தொழிற்சாலைக்கு வந்த அதே கஞ்சாத் தண்டின் உள்சக்கைதான் அது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பிரான்சிலிருந்து லொறியில் வருகிறது என்றார்களாம். சுற்றிவர நிலம் கிடக்கிறது, குதிரை கிடக்கிறது, சக்கை மட்டும் கடல் தாண்டி வருகிறது. அன்றிரவே அவருக்கு நித்திரை போய்விட்டது.

"பிள்ளை, இது நீ நினைக்கிற சாமான் இல்லை. இனம் ஒண்டுதான். ஆனா இதில வெறி இல்லை. ஒரு வயலை முழுக்கப் புகைச்சாலும் தலையிடிதான் வரும்."

"புகைச்சுப் பாத்தனீங்களோ அத்தான்?"

"உன்ர கொக்காவோட குடும்பம் நடத்துறதுக்கு எனக்கு வேற வெறி வேணுமே?"

அக்கா அடுப்படியிலிருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். அத்தான் பேச்சை நாருக்குத் திருப்பினார். தண்டின் வெளிப்பட்டையில் நார். அது கார்க் கதவுக்கும் துணிக்கும் போகும். உள்சக்கை குதிரைக்குப் போகும், சுண்ணாம்போடு குழைத்தால் வீட்டுச் சுவருக்கும் போகும். விதை பறவைத் தீனிக்கும் எண்ணெய்க்கும். மருந்தடிக்கத் தேவையில்லை. ஆளுயரத்தைத் தாண்டி வளரும். களைக்கு மூச்சுவிட இடம் கொடுக்காது. குதிரைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கோதுமை நிலம் இருந்தது. கோதுமைக்குள் களை தாங்க முடியாமல் நொந்துபோயிருந்தவர். ஒரு துண்டைக் குத்தகைக்குத் தருகிறேன், என்னத்தையாவது போட்டு இந்தக் களையைக் கொல்லு என்று சொல்லியிருந்தார். நார் பிரிக்கிற ஆலை ஒன்றும், கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தால் எடுக்கிறோம் என்று வாய்ச்சொல் கொடுத்திருந்தது. மிச்சம் இருந்தது லைசன்ஸ்.

அதை எந்த அரசாங்கக் கந்தோர் கொடுக்கிறது என்று கேட்டபோதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. எங்கள் ஆட்களின் விரலடையாளத்தை எடுத்து, சிலருக்கு விசா கொடுத்து, சிலரைத் திருப்பி அனுப்பிய அதே கந்தோர். குடிவரவு ஒரு மாடியென்றால் கஞ்சா இன்னொரு மாடி. அந்தக் கந்தோரின் உறை வாசலில் விழுந்தால் தண்ணி குடிக்க ஓடுகிற சாதி நாங்கள். அங்கே வலியப் போய், ஐயா எனக்குக் கஞ்சா போட அனுமதி தாருங்கள் என்று எங்களில் ஒருவர் கேட்கப் போகிறார்!

கேட்டார். பொலிஸ் பதிவில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வயல் எது, றோட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஆள் நடமாட்டம் உண்டா என்று வரைபடம் வைத்துக் கேட்டார்கள். நினைத்த விதையைப் போட முடியாது; வெறி இல்லை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட இனங்களின் விதையை, முத்திரையிட்ட சாக்கில்தான் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. தண்டு வெளியே வரலாம், விதை வெளியே வரலாம். இலையும் பூவும் வயலைத் தாண்டக் கூடாது. வெறி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, சட்டத்துக்கு அந்த இலை கஞ்சா இலைதான். வெட்டிய தண்டை வயலிலேயே கிடத்தி, பனியிலும் மழையிலும் ஊறவிட வேண்டும், நாங்கள் தென்னை மட்டையை ஊறப்போடுகிற மாதிரி. இலையெல்லாம் உதிர்ந்து மண்ணோடு போய்விடும். பிறகு வெறும் தண்டைக் கட்டி ஏற்றலாம். இந்த விதியை அத்தான் சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லாருக்கும் சொன்னார். திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அக்கா ஒருவருக்கும் சொல்லாதே என்று எனக்குச் சொல்லிவிட்டு, தானே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள் போலும். என் கடைக்குச் சட்டை தைக்க வருகிற சனம் அளவு கொடுக்கிற சாட்டில் விசாரிக்கத் தொடங்கியது. ஹரோவிலிருந்து வருகிற ஒரு ரீச்சர், தன் மாமியாருக்கு முழங்கால் நோவென்று, அத்தானிடம் சொல்லிக் கொஞ்சம் எடுத்துத் தரும்படி காதுக்குள் கேட்டார். இன்னொரு அம்மா, "வயலில வேலைக்கு ஆள் தேவையோ எண்டு என்ர மோன் கேக்கச் சொன்னவன்" என்றார். பிறகு தானே யோசித்து, "வீட்டில ஒரு கோப்பை கழுவாதவன், அவனுக்கு ஏன் இப்ப வயலில ஆசை?" என்று என்னைப் பார்த்தார். நான் வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டு அளவு நாடாவைப் பிடித்தேன். இப்படியான கதைகளுக்காகத்தான் நான் கடையை மூடாமல் வைத்திருக்கிறேன் என்று சிலவேளை தோன்றும்.

பயிர் வந்தது. ஆடி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பச்சைச் சுவர் மாதிரி நின்றது; உள்ளே நாலு அடி வைத்தால் அத்தானைக் காணவில்லை. நிலக்காரக் கிழவர் வரம்பில் நின்று, தன் களையெல்லாம் செத்துப்போனதைத் தொப்பியைக் கழற்றிக் காட்டிச் சிரித்தார். அத்தான் வான் வேலையை விட்டிருந்தார். அந்தக் குத்தகை, அந்த லைசன்ஸ், அந்த ஒரு வயல், இவ்வளவுதான் அவரிடம் இருந்தது. ஜேர்மனியிலும் இங்கேயும் காலமெல்லாம் மற்றவனுடைய மெசினுக்கு முன்னால் நின்ற மனுசன், வரம்பில் நிற்கும்போது ஒரு சாண் உயர்ந்துதான் தெரிந்தார்.

ஆவணியில் வெட்டு. அன்று எனக்குக் கடை. நடந்ததைப் பிறகுதான் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் நெல் விளைந்தால் முதலில் வெட்டுகிற கதிரை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புதிர் எடுப்பது என்று சொல்வது. அது சாமிக்கு. சாமிக்கு வைக்காமல் எவரும் அந்த விளைச்சலில் வாய் வைப்பதில்லை. அக்கா வெட்டு நாளில் தேங்காய், கற்பூரம், ஒரு புது மஞ்சள் துணி எல்லாம் கொண்டு வயலுக்குப் போயிருக்கிறாள். வரம்பில் தேங்காய் உடைத்திருக்கிறாள். கிழவர் அதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அத்தான் வயலின் மறுகரையில் வெட்டு மெசின்காரனோடு நின்ற நேரம், அக்கா தன் கத்தரிக்கோலால் நல்ல நெடிய செடிகளாக ஒரு கட்டு வெட்டி, இலையும் பூவுமாக, மஞ்சள் துணியில் சுற்றி, காரின் பின் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டாள். வீட்டுச் சாமியறைக்குள் அது கொள்ளவில்லை, அவ்வளவு உயரம்; அத்தான் வெட்டு முடியும்வரை வயலோடு நின்றதால் அது அவர் கண்ணில் படவும் இல்லை. அடுத்த நாள் கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரிடம் கொடுத்துவிட்டாள். எங்கள் வயலின் முதல் விளைச்சல் ஐயா, சாமிக்கு வையுங்கோ என்று.

அந்த ஞாயிறு தேர். லண்டனில் எங்கள் கோயில்களில் ஆடி ஆவணிதான் தேர்க்காலம். கவுன்சிலும் பொலிசும் றோட்டை மறித்துக் கொடுக்கும். தேரின் தூண்களுக்கு வாழை கட்ட வேண்டும். வாழை இந்த ஊரில் கிடைப்பது அருமை. ஐயருக்கு முன்னால் அக்கா கொண்டுவந்து போட்டது ஆளுயரத்துக்கு மேலே, பச்சைப் பசேலென்று ஒரு கட்டு. அவர் என்ன செய்வார்? நாலு தூணுக்கும் பிரித்துக் கட்டிவிட்டார்.

நான் றோட்டோரத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். நாதஸ்வரம், தவில், சிதறு தேங்காய், பால்காவடி. தேர் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. சாமியைப் பார்த்துக் கும்பிடக் கையெடுத்தேன். எடுத்த கை நெஞ்சோடு நின்றுவிட்டது. லண்டனில் இருக்கிற எவருக்கும் அந்த இலையைத் தெரியும். சந்தைக் கடைகளில் பனியனில் அச்சடித்துத் தொங்குகிற இலை. விரலை விரித்த கை மாதிரி, சாமிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் நின்ற இளவட்டங்கள் இங்கிலீசில் ஏதோ சொல்லி ஆளையாள் இடித்துச் சிரித்தார்கள். கைத்தொலைபேசியைத் தூக்கிப் படமும் எடுத்தார்கள். தேருக்குப் பக்கத்தில், மஞ்சள் மேலங்கியோடு, ஒரு பொலிஸ்காரப் பிள்ளை நடந்து வந்தாள். அவள் சனத்தைப் பார்த்தாளே தவிர மேலே பார்க்கவில்லை.

அத்தான் வடம் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். வெறும் மேல், வேட்டி, நெற்றி நிறைய விபூதி. இளவட்டங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவரும் திரும்பினார்.

ஒரு மனுசனின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். விபூதிக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வடத்தைப் பக்கத்து ஆளின் கையில் கொடுத்தார். நான் நினைத்தேன், ஓடித் தேரில் ஏறிப் பிய்த்து எறியப் போகிறார் என்று. அல்லது சனத்துக்குள் மறையப் போகிறார் என்று. அவர் நேரே அந்தப் பொலிஸ்காரப் பிள்ளையிடம் போனார். நான் தட்டை யாருடைய கையிலோ திணித்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

தன் ஜேர்மன் இங்கிலீசில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அம்மா, மேலே கட்டியிருப்பது கஞ்சா. அது என்னுடைய வயல். எனக்கு லைசன்ஸ் இருக்கிறது. ஆனால் அது இங்கே இருக்கக் கூடாது."

அவள் முதலில் சிரித்தாள். வெறும் மேலோடு, சாம்பல் பூசி, ஒரு நடுவயது ஆள் வந்து இப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? பிறகு மேலே பார்த்தாள். பிறகு றேடியோவைக் கையில் எடுத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொலிஸ்காரர் நல்ல மாதிரி நடந்தார்கள். தேரை நடுறோட்டில் நிறுத்தவில்லை. தேர் கோயிலடி இருப்பிடத்துக்கு வரும்வரை கூடவே நடந்தார்கள். பெரிய பொலிஸ்காரர் ஒருவர் வந்து தேரில் கால் வைக்கப் போனார். தொண்டர் ஒருவர் சப்பாத்தைக் காட்டினார். அவர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார். ஐயர் மேலே ஏறி, ஒவ்வொரு தூணாக அவிழ்த்து, மந்திரம் சொல்லியபடி இறக்கிக் கொடுக்க, பெரிய பொலிஸ்காரர் நீட்டுப் பைக்குள் வாங்கி வைத்தார். அக்கா என் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, விளங்கியும் விளங்கவில்லை.

"விக்கக் கூடாது எண்டுதானே இவர் சொன்னவர். நான் விக்கேல்லையே. சாமிக்குத்தானே குடுத்தனான். சாமிக்குக் குடுக்கிறது வெளியில கொண்டுபோறதோ?"

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஐயர் இறக்குவதைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை லைசன்ஸ் கந்தோரிலிருந்து ஓர் அம்மா பிளேஸ்டோ வீட்டுக்கு வந்தார். நரைத்த தலை, மழைக்கோட்டு, சீனி போடாத தேத்தண்ணி. அக்காவுக்கு இங்கிலீசு குறைவு என்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை. எப்படி நடந்தது என்று சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றார். யார் வெட்டியது என்று கேட்டார்.

"நான்," என்றார் அத்தான் இங்கிலீசில். "நான் வெட்டினேன். நான்தான் கோயிலுக்குக் கொடுத்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மா எழுதத் தொடங்கினார்.

"இவர் என்ன சொல்லுறார்?" அக்கா கேட்டாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினேன்.

"உன்னைத்தான் கேக்கிறன். இவர் தானெண்டு சொல்லுறாரோ?"

"ஓம் அக்கா."

"அப்ப அவவிட்டச் சொல்லு, வெட்டினது நான் எண்டு."

அத்தான் தமிழில், குரலைத் தாழ்த்தி, "நீ சும்மா இரு," என்றார். எனக்கும் கண்ணைக் காட்டினார். ஒரு பக்கம் அத்தானின் கண், மறுபக்கம் அக்காவின் வாய். அந்த அம்மா பேனாவைத் தூக்கிவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன்னே அக்கா எழும்பி அடுப்படிக்குப் போனாள். கத்தரிக்கோலோடு வந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டுத் தன் நெஞ்சில் கையை வைத்து, "மீ," என்றாள். "மீ கட். ஹிஸ்பண்ட் நோ."

அந்த அம்மா பேனாவை மூடினார். அவர் பிறகு சொன்னதை ஒரு சொல் விடாமல் நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"இலை வெளியே போனது பிழை. ஆனால் நீங்களே பொலிசிடம் போய்ச் சொன்னீர்கள். அதையும் சேர்த்து எழுதியிருப்பேன், ஓர் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். நாங்கள் லைசன்ஸை வயலுக்குக் கொடுப்பதில்லை, ஐயா. ஒரு மனிதருக்குக் கொடுக்கிறோம். வேலி போட்டு இலையைக் காக்க முடியாது, அவருடைய வாய்ச்சொல்லை நம்பித்தான் விடுகிறோம். அந்த வாய் இப்போது என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியது. இதை நான் எப்படி எழுதுவது?"

பொலிசிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மை சொன்ன மனுசன். வீட்டுக்குள், தன் கதிரையில் இருந்துகொண்டு, இப்படி ஒரு வேலை பார்ப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. முடிவு வரும்வரை வயலிலிருந்து ஒன்றும் நகரக் கூடாது, தண்டும்கூட, என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எழும்பினார். தேத்தண்ணிக்கு நன்றி சொன்னார். கதவடியில் நின்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தானுக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

கதவு சாத்தியதும் அக்கா தொடங்கினாள். வயல் போகப் போகிறதே என்று அல்ல. "என்னை ஏன் ஒளிச்சனீங்கள்? நான் என்ன களவெடுத்தனானோ?"

அத்தான் மேசையில் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு, "ஜேர்மனியில அந்த மேசைக்கு முன்னால நீ நடுங்கினதை நான் பாத்தனான். அகதி விசாரணையில. அவன் கேட்கக் கேட்க உனக்குப் பேரே வரேல்லை. திரும்ப ஒருக்கா உன்னை ஒரு மேசைக்கு முன்னால விடுறேல்லை எண்டு அண்டைக்கு நினைச்சனான்," என்றார்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது எனக்குத் தெரியாத கதை. இத்தனை வருசம் அவர்கள் வீட்டில் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு மழை. வெட்டிக் கிடந்த தண்டுக்குக் கொஞ்ச மழை நல்லது, பட்டை தளரும். கூடினால் நார் அழுகும். அத்தான் ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போய், ஒரு தண்டை எடுத்து முறித்து, நாரை இழுத்துப் பார்ப்பார். முதலில் பொன்னிறமாகக் கழன்று வந்தது. ஏற்ற வேண்டிய பதம். ஆலைக்காரர் லொறி அனுப்பவா என்று கேட்டார்கள். அனுப்ப முடியாது என்றார். பிறகு சாம்பல் நிறம். பிறகு கறுப்பு. விரலால் இழுத்தால் நூல்போல வராமல் பொடிப்பொடியாக வந்தது. நான் ஒருநாள் கூடப் போனேன். அவர் முறித்துக் காட்டிவிட்டுக் கையைக் களிசானில் துடைத்தார். கிழவர் வரம்பில் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், களையாவது செத்ததே என்றார்.

முடிவு வந்தது. அத்தானுக்கு அனுமதி தொடராது. கிடப்பதை உழுது மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கிழவரின் உழவு மெசின் அதைச் செய்ய அரைநாளும் எடுக்கவில்லை. அத்தான் திரும்ப வான் ஓட்டப் போனார். வீட்டில் ஒருவரும் வயல் என்ற சொல்லை எடுப்பதில்லை. தொலைக்காட்சியில் ஒரு தோட்டம் வந்தால்கூடப் பிள்ளைகள் வேறு சனலுக்கு மாற்றினார்கள்.

மாசி மாதமளவில், ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அக்கா சொன்னாள்: "நான் லைசன்சுக்கு எழுதப் போறன்."

பிள்ளைகள் தாயைப் பார்த்தார்கள், தகப்பனைப் பார்த்தார்கள். பிறகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

"ஆருக்கு?" என்றார் அத்தான்.

"எனக்கு. என்ர பேரில பொலிசில ஒண்டும் இல்லை. கிழவனும் நிலம் தாறனெண்டு சொல்லிப்போட்டான். கேட்டுப் பாத்தனான்."

"உனக்கு இங்கிலீசு தெரியாதே, இஞ்சேர்."

"செடிக்கும் தெரியாது."

அத்தான் தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். இரண்டு மூன்று நாள் கழித்து, விதைச் சாக்கு எங்கே வாங்குவது என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். கந்தோரிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் மொழிபெயர்க்கப் போனேன். அவளுக்கு முன்னால் ஒரு மேசை இருந்தது. அவளுடைய கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது. போன வருசம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். முழுக்கச் சொன்னாள். தேங்காய் உடைத்ததிலிருந்து சொன்னாள். பேரும் வந்தது, ஊரும் வந்தது. லைசன்ஸும் வந்தது.

அந்த வருசம் அந்த வயலில் அக்காவின் ஆட்சி. எங்கள் குடும்பத்தில் சட்டம் என்றால் என்னவென்று நான் அப்போதுதான் கண்டேன். வயலுக்குள் போனவர்கள் திரும்பும்போது வாசல் படலையடியில் சப்பாத்தைக் கழற்றித் தட்ட வேண்டும். களிசான் மடிப்பை விரித்து உதற வேண்டும். அத்தானின் சட்டைப் பையை அவளே வெளியே இழுத்துப் பார்ப்பாள். வெட்டு மெசின்காரன், காதில் தோடு போட்ட பெரிய உடம்புக்காரன், அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

முதல் வெட்டு நாளில் நானும் போனேன். சாமிக்கு வைக்காமல் மெசின் இறங்காது என்று அக்கா சொல்லிவிட்டாள். இலை கோயிலுக்குப் போக முடியாது. ஆகவே ஐயரை வயலுக்குக் கூட்டிவந்திருந்தாள். முழங்கால்வரை றப்பர்ச் சப்பாத்து, அதற்கு மேலே வேட்டி, கையில் கும்பம். அவர் பயிருக்குள் நின்று மந்திரம் சொல்ல, காற்று எசெக்ஸ் காற்று, இரண்டு பக்கமும் இலை அடித்தது. கற்பூரம் நின்று எரியவே இல்லை. அத்தானும் கிழவரும் இரண்டு பக்கமும் தங்கள் கோட்டை விரித்து மறைத்துப் பிடித்தார்கள்.

முடிந்து ஐயர் படலையைத் தாண்டப் போனார்.

"ஐயா, நில்லுங்கோ."

அவர் நின்றார். அக்கா அவரைச் சுற்றி வந்தாள். சால்வையை உதறச் சொன்னாள், உதறினார். பிறகு அவருடைய குடுமியைப் பார்த்தாள். தொடலாமோ என்று கேட்கவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு, சின்னதாக, காய்ந்ததாக, ஓர் இலைத் துண்டை எடுத்தாள். கிழவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. அவள் அந்தத் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, படலையடியிலிருந்து திரும்ப உள்ளே போய், முதல் வரிசைச் செடியின் அடியில் வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

பிறகு வந்து தன் சீலைத் தலைப்பை உதறினாள். கொண்டையைக் கழற்றி விரித்துக்கொண்டு, அத்தானுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"பாருங்கோ," என்றாள். "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."